பச்சை விளக்கு சாட்சி சொல்லாது

இரண்டு மாட்டைப் பூட்டினால் போதாது. இரண்டும் இழுக்குதா என்று பார்க்கணும்.

ஓர் அலுவலகம். இணையத்துக்குப் போக இரண்டு ப்ராக்ஸி சர்வர்கள். ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்தவருக்கு உடனே எடுத்துத் தரும் ‘ஸ்க்விட்’ மென்பொருள். வேலையைப் பிரித்துக் கொடுக்க முன்னால் ஒரு லோட் பேலன்சர். ஆனாலும் நத்தை வேகம்.

“ரெண்டும் ஓடுது சார், பச்சை லைட் எரியுதே!” என்றார் பொறுப்பாளர். தன் கம்ப்யூட்டரில் பத்துப் பக்கங்களைத் திறந்தும் காட்டினார். எரிவதும் உழைப்பதும் ஒன்றா?

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது கணக்கு நோட்டு. வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஸ்க்விட் ‘ஆக்சஸ் லாக்’கில் எழுதி வைக்கிறது. நேரம், கேட்டவர் முகவரி, எத்தனை பைட், சேமிப்பிலிருந்து தந்ததா, வெளியே போய் வாங்கியதா... எல்லாம். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் வரிகள் குவியல். மற்றதில், ‘உயிரோடு இருக்கியா?’ என்று பேலன்சர் விசாரித்த வரிகள் மட்டும்!

காரணம்? கேட்பவரின் ஐ.பி. முகவரியைப் பார்த்துப் பிரிக்கும் ஏற்பாடு. அலுவலகமே ஒரே முகவரியில் வெளியே வந்தது. அத்தனையும் ஒரே சர்வர் தலையில்.

சமமாகப் பிரிந்தாலும் நிம்மதி வேண்டாம். ஆளுக்கு 60 சதவிகிதம் சுமந்தால், ஒன்று படுத்ததும் மற்றதுக்கு 120. வேலை நேரத்தில் ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.

வாங்கியதற்கு பில் இருக்கு. உழைத்ததற்கு? லாகைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க!