உலைக்களத்துக் கல்வி

ஒரு கலையை அறிந்தோர் அதனைத் தம் குடிக்குள்ளும் ஊருக்குள்ளும் மறைத்துக் காத்தல் தகுமோ, அன்றி விரும்பி வந்தார்க்கெல்லாம் திறந்து வழங்குதல் தகுமோ என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. இதற்கு விடை காண விழைவார் கண்ணாடிக் கலையின் அண்மைக்கால வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலம். அறுபது எழுபது ஆண்டுகட்கு முன்னர்த் தொழிற்சாலைகளிலும் ஒரு சிறு தீவிலும் பெரும்பாலும் அடைபட்டுக் கிடந்த இக்கலை, பத்து நாளும் பதினைந்து நாளுமே நடைபெறும் பயிற்சிப் பட்டறைகளின் வாயிலாக நாடுகள் பலவற்றிற் பரவிற்று. அப்பரவலால் கலைக்கு விளைந்தது நன்மையே என்பது எனது துணிபு. மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டாதலின், அதனையும் ஒளியாது கூறுவேன்.

முதற்கண் ஒன்று சொல்லிவிடுதல் கடன். யான் உலைமுன் நின்று குழல் பிடித்தவன் அல்லேன். தமிழ் பயிலும் மாணவன்; இக்கலையைப்பற்றி அறிந்ததெல்லாம் நூல்களில் வாசித்தும் படக்காட்சிகளிற் பார்த்துமே. ஆயினும் வாசிக்கும்போதே ஒன்று விளங்கிவிட்டது: இது வாசித்துக் கற்கும் வித்தை அன்று. மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் கூடி உருகிய குழம்பு, ஏறத்தாழ 1,100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் தேன்போல் உலையினுள் நிற்கின்றது. நீண்ட இரும்புக் குழலின் நுனியில் அதனைச் சுற்றி எடுத்து, மறுமுனையில் வாய்வைத்து ஊதுகின்றனர். சுழற்றுவதைச் சிறிது நிறுத்தினாலும் குழம்பு ஒருபுறமாகத் தொங்கிவிடும். சூடு தணியத் தணிய இறுகும். ஆதலின் மற்றோர் அடுப்பில் அடிக்கடி காட்டி இளக்குதல் வேண்டும். முடிந்த கலத்தையும் உடனே வெளியில் வைத்தலாகாது. ஏறத்தாழ 500 டிகிரி வெப்பமுள்ள ஆற்றுலையில் இட்டுப் பல மணி நேரம் மெல்ல மெல்லக் குளிரச் செய்வர். இன்றேல் உள்ளே தங்கிய இறுக்கத்தினால் அது தானே விண்டு சிதறும். எப்போது ஊதுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணும் கையும் அறியவேண்டுமேயன்றி ஏடு அறிவித்தல் அரிது. ஆகவே இவ்வித்தையைப் பெறவேண்டின், அறிந்தார் ஒருவர் அருகில் நின்றே பெறவேண்டும். அருகில் நிற்க விடுவார் யார் என்பதே கேள்வி.

வெனிசு நகரத்தார் எவரையும் நிற்க விட்டிலர். 1291-ஆம் ஆண்டில் அவ்வரசு, கண்ணாடி உலைகளை அருகிலுள்ள முரானோத் தீவிற்கு மாற்றுமாறு ஆணையிட்டது. நகரில் தீப்பற்றும் என்னும் அச்சமே அதற்குக் கூறப்படும் காரணம். தீயைக் கருதிச் செய்த ஏற்பாடு நாளடைவில் மறைபொருளைக் காக்கும் மதிலும் ஆயிற்று. தொழில்வல்லார்க்குச் சிறப்புரிமைகள் பல தரப்பட்டன; அவர்தம் மகளிரை உயர்குடியினர் மணத்தலும் இயன்றது. ஆனால் இசைவு பெறாது வெளிநாடு சென்று தொழில் நடத்துவார்க்குத் தண்டனை உண்டு. தங்கக் கூண்டிலிட்ட கிளியின் வாழ்வு எனலாம்.

இதனைப் படிக்குந்தோறும் என் தாய்வழிப் பாட்டனார் நினைவிற்கு வருவார். கைத்தறி நூலுக்குச் சாயம் தோய்ப்பது அவர் தொழில். அரக்குச் சிவப்பில் அவருக்கு நிகரில்லை என்று சுற்றுவட்டத்து நெசவாளர் கூறுவராம். சாயம் கலக்கும் வேளையில் என் மாமன்மார் இருவரையும் கொட்டகையைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார். "காலம் வரட்டும், சொல்கிறேன்" என்பாராம். காலம் வந்தபோது அவர் நாவெழாமற் படுத்துவிட்டார். மாமன்மார் இருவரும் இப்போது வேறு தொழில் பார்க்கின்றனர். பாட்டனாரைக் குறைகூறல் என் எண்ணமன்று. தொழில் கைமாறினால் பிள்ளைகள் சோற்றுக்கு என் செய்வர் என்று அஞ்சினார். முரானோவும் அதற்கே அஞ்சிற்று. எனினும் அஞ்சிக் காத்த பொருள் அஞ்சினார்க்கும் உதவாது போயிற்று என்பதை எம் வீட்டில் யாம் கண்டோம்.

இனி, கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததை நோக்குவோம். அமெரிக்க நாட்டில் ஒகையோ மாகாணத்து டொலீடோ நகரம் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்றது. லிப்பி என்பார் 1888-இல் தம் தொழிற்சாலையை அங்கு மாற்றினார். 1901-இல் அந்நகரத்துக் கலைக் காட்சியகம் அவர் முயற்சியால் எழுந்தது. எனினும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவிலும், கண்ணாடி செய்வதென்றால் பெருந்தொழிற்சாலையும் ஆட்கூட்டமும் வேண்டும், தனியொரு கலைஞன் தன் பட்டறையில் செய்தல் இயலாது என்பதே பெரும்பாலார் கருத்து. ஓவியர் வரைந்து கொடுப்பார், தொழிலாளர் ஊதுவர். வரைந்தவர் உலையைத் தொடார். ஊதியவர் பெயர் வெளிவாராது.

ஹார்வி லிட்டில்டன் என்பார் இதனை ஏற்றிலர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்கலம் வனையும் கலையைக் கற்பித்தவர் அவர். தந்தையார் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் இயற்பியல் ஆராய்ச்சியாளர். 1957-இல் முரானோவிற்குச் சென்ற லிட்டில்டன், சிறு உலையிலும் கண்ணாடி ஊதுதல் கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டு திரும்பினார். 1962-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், டொலீடோக் காட்சியகத்தின் வளாகத்திலிருந்த ஒரு சாமான் கொட்டகையில் சிறு உலை ஒன்று அமைத்துச் சிலரைக் கூட்டினார். வந்தவர் பெரும்பாலும் மட்கலக் கலைஞர். ஈடித் பிராங்க்ளின் என்னும் பெண்மணியும் அவருள் ஒருவர். குழல் பிடித்தறியாதவரே மிகுதி.

முதல் உருக்கு கெட்டது. பட்டறையின் வரலாற்றில் யான் மிக விரும்பும் பகுதி இதுவே. கண்ணாடியிழை நிறுவனமொன்றில் ஆராய்ச்சித் தலைவராயிருந்த டொமினிக் லாபினோ துணைக்கு வந்தார். உலையின் அமைப்பை மாற்றச்செய்து, கண்ணாடியிழை எடுப்பதற்கென்று தொழிற்சாலையில் வார்த்த, எளிதில் உருகும் கோலிக்குண்டுகளை அதில் இடச்சொன்னார். குண்டுகள் உருகின. உருகியதை ஊதுவதெப்படி? அதற்கு, லிப்பி தொழிற்சாலையில் ஊதி ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்னும் முதியவர் வந்து சேர்ந்தார். குழலை வாங்கினார், ஊதிக் காட்டினார். கல்லூரிகளில் கற்பிப்போரும் கலைஞரும், தொழிலாளி ஒருவருடைய கைகளை உற்றுநோக்கி நின்றனர். அறிவியலார், கலைஞர், தொழிலாளி ஆகிய மூவரும் ஓருலைமுன் கூடியதாலன்றோ அது பட்டறை ஆயிற்று! இவருள் ஒருவர் வாராதிருப்பினும் அது கைவிடப்பட்ட முயற்சியாய் முடிந்திருக்கும்.

ஜூன் மாதத்தில் மீண்டும் ஒரு பட்டறை கூடிற்று. இரண்டன் நாட்களையும் கூட்டினாலும் ஒரு திங்கள் நிரம்பாது. விளைவோ பெரிது. லிட்டில்டன் விஸ்கான்சினில் கண்ணாடிக் கலையைப் பாடமாக வைத்தார். அவர் மாணவருள் மார்வின் லிபாஃப்ஸ்கி 1964-இல் பெர்க்கிலியில் அதனைத் தொடங்கினார். மற்றொரு மாணவர் டேல் சிஹூலி 1968-இல் முரானோ சென்று, வெனீனி உலைக்களத்தில் ஒருவர் குறிப்பறிந்து பலர் இயங்கும் கூட்டுத் தொழிலைக் கண்டுவந்தார். 1971-இல், சியாட்டில் நகருக்கு வடக்கே ஹாபெர்க் தம்பதியர் தம் மரப்பண்ணையில் இடமளிக்க, மாணவர் பதினாறு பேருடன் கோடைப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கொட்டும் மழையில் தங்குமிடத்தையும் உலையையும் அவர்கள் தாமே கட்டினர். பில்சக் கண்ணாடிப் பள்ளி தோன்றிய வகை இது.

அமெரிக்கரிடம் ஊக்கம் இருந்தது, நுட்பம் குறைவு. பானை போன்ற தடித்த குமிழ்களையே பலரும் செய்துகொண்டிருந்தனர். அந்நிலையில் 1978-இல் முரானோவிலிருந்து செக்கோ ஓங்காரோ என்பார் பில்சக் வந்து கற்பித்தார். மறு ஆண்டில் அவர் மைத்துனர் லீனோ தாலியாப்பியேத்ரா வந்தார். 1934-இல் பிறந்து, பன்னிரண்டு வயது நிரம்புமுன் உலைக்களம் புகுந்து, இருபத்தோராம் வயதில் ஆசான் நிலை எய்தியவர் அவர்.

அவர் காட்டிய நுட்பங்களுள் இரண்டினை மட்டும் கூறுவேன். ஒரு குமிழில் வெண்ணிற இழைகளை வலமாக முறுக்கியும், மற்றொன்றில் இடமாக முறுக்கியும் அமைத்து, ஒன்றனுள் ஒன்றைச் செலுத்தி ஊதினால் இழைகள் குறுக்கிட்டு வலையாகும். வலையின் கண்தோறும் நுண்ணிய காற்றுக்குமிழ் ஒன்று சிறைப்பட்டு நிற்கும். ரெட்டிச்செல்லோ என்பது அதன் பெயர். இன்கால்மோ என்பது வேறு நிறத்த இரு குமிழ்களின் வாயைத் திறந்து, விளிம்போடு விளிம்பு சூட்டிலேயே பொருத்துவது. விட்டத்தில் சிறிது வேறுபடினும் பொருந்தாது. இரு குழல் பிடித்த இருவரும் ஒருமனத்தராய் இயங்கவேண்டும். மறைத்து வைத்திருந்த இவற்றை அயலார் நடுவில் அமர்ந்து செய்து காட்டினார் லீனோ.

தீவில் அவர் செயலை வெறுத்தார் உளர். வீட்டுப் பொருளை வீதியில் இறைத்தவன் என்னும் வெறுப்பு அது. அதனை எளிதில் தள்ளிவிடுதல் அறமன்று. கூலிக்கு உழைப்பவன் கையில் அவனது நுட்பமே முதல்; அதனைப் பொதுவாக்கச் சொல்பவர் பெரும்பாலும் அம்முதலை நம்பி வாழாதவரே. என் போன்ற மாணவர் மேசைமுன் அமர்ந்து தாராளம் பேசுதல் எளிது. எனினும் முரானோவின் தளர்ச்சிக்குக் காரணம் எது என்று பார்த்தல் வேண்டும். முரானோவின் பெயரால் விற்கப்படும் மலிவான போலிச் சரக்கு அதனை வருத்திற்று. இளைஞர் தொழிலுக்கு வாராமை வருத்திற்று. 2021-இல் எரிவாயு விலை ஏறியபோது அணைக்கப்பட்ட உலைகளும் உண்டு. பில்சக் மாணவன் ரெட்டிச்செல்லோ கற்றதனால் முரானோவில் ஓர் உலை அணைந்தது என்று எவரும் காட்டக் கண்டிலேன். இக்கலையை மதித்து வாங்கும் கூட்டம் அமெரிக்காவில் பெருகியதற்கு அம்மாணவரும் ஒரு காரணம் என்றே கருதுகின்றேன்.

வேறொரு தடை இதனினும் வலிது. முரானோச் சிறுவன் பத்தாண்டு உழைத்துப் பெறுவதைப் பதினைந்து நாளிற் பெறுதல் கூடுமோ? கூடாது, இதில் வழக்கே இல்லை. பட்டறைக்குச் சென்று கோணற் கிண்ணம் ஒன்றைச் செய்து திரும்பியவன் தன்னைக் கலைஞன் என்று கூறிக்கொள்ளுதல் நகைப்பிற்கிடம். உயர்நிலைப் பட்டறை என்பது குழலைத் தடுமாறாது சுழற்ற அறிந்தவனுக்கே உரியது. தனியே பல்லாண்டு பழகியும் ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்பவன், வல்லவன் ஒருவன் கையசைவை அருகிலிருந்து பார்த்த அளவில் அத்தடையைக் கடத்தல் உண்டு. வெறுங்கையோடு போகின்றவன் வெறுங்கையோடே மீள்வான்.

எம் இலக்கண வகுப்பில் நன்னூற் பொதுப்பாயிரம் படித்தபோது இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஆசான் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டவனும் காற்கூறே பெற்றவனாவான். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு உரைக்கும்போதே நிரம்பும் என்பது பவணந்தியார் கணக்கு. இக்கணக்கின்படி பார்த்தால், முரானோ முதற் காற்கூற்றைக் குறைவறத் தந்தது. இரண்டாவதை ஓர் உலைக்களத்தின் எல்லைக்குள் தந்தது. எஞ்சிய பாதியைத் தன் வீட்டுப் பிள்ளைக்கு உரைக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டது. பட்டறையோ ஆசான் தரும் காற்கூற்றில் மிகக் குறைந்தது. ஏனைய முக்காற்கூற்றில் மிகுந்தது. அங்கு ஒருவன் குழல் பிடிக்க ஒருவன் கதவு திறக்க ஒருவன் ஊத, ஒருவர் பிழை எல்லார்க்கும் பாடமாகின்றது. டொலீடோவிலிருந்து சென்றோர் பலர் மறு ஆண்டுகளிலேயே பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கினர், கற்பித்துக்கொண்டே கற்றனர். லீனோவும் பில்சக் சென்று கற்பித்த பின்னரே தம் பெயரில் தனிக் கலைஞராக உலகறிய விளங்கினார். கொடுத்தவர் இழந்தார் என்பது இங்குப் பொருந்தவில்லை.

லிட்டில்டன் 1972-இல், நுட்பம் மலிவானது என்று பொருள்படக் கூறியதாக ஒரு செய்தி உண்டு. பட்டறைகளில் நுட்பம் ஒன்றனையே தேடுவார்க்குக் கருத்து வேண்டும் என்று உணர்த்தவே அங்ஙனம் கூறினார் போலும். பெரியார் கூற்றெனினும் உடன்பட மனம் வரவில்லை. முதல் உருக்கு கெட்ட அன்று லீஃப்கிரீன் கையிலிருந்த நுட்பம் மலிவாயிருந்ததோ? கருத்து நிரம்பிய பலர் அன்று அக்கொட்டகையில் இருந்தனர். ஊத அறிந்த முதியவர் ஒருவரே அவர்களுக்கு வேண்டியிருந்தார்.

மறைவு நீங்கியபின் வேறொரு தடை வந்திருப்பதையும் சொல்லவேண்டும். உலை இரவும் பகலும் எரிவதாயிற்றே; எரிபொருட்செலவு பெரிது; ஆகவே பட்டறைக் கட்டணமும் பெரிது. பில்சக் பள்ளி உதவித்தொகை அளிக்கின்றது. கார்னிங் காட்சியகம் 1996-இல் தொடங்கிய பட்டறையில் ஒரு நாளில் முடியும் எளிய வகுப்பும் உண்டு. இவை போதா. மதிலை இடித்த இடத்தில் சுங்கச்சாவடி வைத்தால், உள்ளே புகுவோர் யார் என்பது முன்னரே முடிவாகிவிடும். தொழிற்சாலையில் ஊதி ஓய்வுபெற்ற ஒருவருடைய பேரனோ பேத்தியோ இப்பட்டறைகளின் வாயிலில் நின்று கட்டணப் பலகையைப் படித்துத் திரும்பிப் போவதாயின், அது லீஃப்கிரீனுக்குச் செய்யும் நன்றியன்று. உலை ஏற்றும் நாட்களுள் சிலவற்றையேனும் அத்தகையோர்க்குக் கட்டணமின்றித் திறந்துவிடுதல், பட்டறை நடத்துவார்க்கு இயலாத செயலன்று.