பழனி எம்.பி. தொகுதி எங்கே போச்சு? பாச்சலூர்க்காரர்கள் ஏன் கவனிக்கணும்?

பழனிக்கு எம்.எல்.ஏ. உண்டு. ஆனால் ‘பழனி எம்.பி.’ என்று 2009-க்குப் பிறகு யாரும் கிடையாது. அந்த மக்களவைத் தொகுதி 2004-ல்தான் கடைசியாகத் தேர்தலைச் சந்தித்தது.

பழனியின் பெருமை

பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட சி.சுப்பிரமணியம் 1977-ல் ஜெயித்தது இங்கேதான். 1979-ல் சரண்சிங் அரசில் அவர் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். 2004-ல் வென்ற காங்கிரஸின் எஸ்.கே.கார்வேந்தன்தான் கடைசி பழனி எம்.பி.

என்ன நடந்தது?

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எல்லைகளைத் திருத்தியது. 2008-ல் அது அமலுக்கு வந்தது. தமிழகத்தின் 39 எம்.பி. இடங்கள் அப்படியே இருந்தன. வரைபடம் மட்டும் மாறியது. பழனி, ஒட்டன்சத்திரம் சட்டமன்றத் தொகுதிகள் திண்டுக்கல்லோடு சேர்ந்தன. காங்கயம் ஈரோட்டுக்குப் போனது. வெள்ளகோவில் சட்டமன்றத் தொகுதியே காணாமல் போனது.

பாச்சலூர் எங்கே?

பாச்சலூர் கொடைக்கானல் தாலுகாவில் இருக்கிறது. தாலுகா கணக்குப்படி ஓட்டு பழனி சட்டமன்றத் தொகுதிக்கு. ஆனால் மலைப்பாதை இறங்குவது ஒட்டன்சத்திரத்துக்கு. அது பக்கத்துத் தொகுதி. சந்தை ஒரு பக்கம், எம்.எல்.ஏ. இன்னொரு பக்கம். மலைப்பாதை பழுதானால் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வியே இரண்டு தொகுதிகளுக்கு நடுவில் நிற்கும்.

இத்தனைக்கும், 2002 மறுவரையறைச் சட்டம் நிலப்பரப்பு, நிர்வாக எல்லை ஆகியவற்றோடு போக்குவரத்து வசதியையும் மக்களின் சௌகரியத்தையும் பார்க்கச் சொல்கிறது. மலைக் கிராமங்களில் நிர்வாக எல்லை ஒன்று சொல்லும், ரோடு வேறொன்று சொல்லும்.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

மாநிலங்களுக்கு இடையிலான இடப் பங்கீட்டை 2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை 2001-ன் 84-வது அரசியல் சட்டத் திருத்தம் நிறுத்தி வைத்தது. அதனால்தான் தமிழகத்துக்கு எத்தனை எம்.பி. என்ற விவாதம் இவ்வளவு சூடாக நடக்கிறது. நியாயமான கவலைதான். ஆனால் எண்ணிக்கை குறையாவிட்டாலும் கோடுகள் மாறலாம் என்பதற்குப் பழனியே சாட்சி.

கடந்த முறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனை கேட்டு, பொது அமர்வுகளும் நடத்தியது. இறுதி ஆணை வந்த பிறகு கோர்ட்டுக்குப் போவதைச் சட்டம் தடுக்கிறது. அதாவது, பேச வேண்டிய நேரம் வரைவு வெளியாகும் அந்தச் சில வாரங்கள்தான். அடுத்த வரைவு வரும்போது, அதைத் தமிழில், ஊர் வாரியாக, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். தங்கள் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாச்சலூர் மக்கள் தேர்தல் அன்றைக்குத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.