வேர்வையும் மேனியும்

சித்திரை பிறந்து மூன்று வாரம் ஆனதும் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். வெயிலில் அலைகிறவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நாம் பேசிக்கொள்கிறோம். காற்றோட்டமில்லாத சமையலறையில் இரண்டு வேளையும் அடுப்பின் முன் நிற்கிற பெண்ணைக் கேட்டால் அல்லவா தெரியும்! முதுகில் வேர்க்குரு, இடுப்பில் அரிப்பு, அக்குளில் எரிச்சல், கால் விரல் இடுக்கில் புண். "எல்லாம் உஷ்ணம்" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ஒரே பவுடரைக் கொட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

வேர்வையின்மேல் பழி போடுவது நியாயமில்லை. நம் சருமத்தில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பில் ஏறும் சூட்டைத் தணிப்பது அவற்றின் வேலை. வேர்வை உலரும்போதுதான் தேகம் குளிர்கிறது. மதுரை வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் ஈரத்தால் உலராமல் மேலேயே நிற்கும். அப்படித் தேங்கி நிற்கும் வேர்வைதான் உபத்திரவம் செய்கிறது. ஒவ்வோர் உபத்திரவத்துக்கும் சிகிச்சை வேறு. ஆகவே இன்னது என்று அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது.

வேர்க்குரு

வேர்வை வெளிவரும் துவாரம் அடைபட்டால் வேர்க்குரு. கழுத்து, முதுகு, மார்பு ஆகிய இடங்களில் பொடிப் பொடியாகக் கிளம்பி, ஊசி குத்துவதுபோல் சுருக்கென்றிருக்கும். குளிர்ந்த நீரில் குளித்து, தளர்ந்த பருத்தி உடை உடுத்தி, மின்விசிறியின் கீழ் இருந்தால் சில நாட்களில் தானே தணியும். காலமைன் லோஷன் தடவினால் அரிப்பு அடங்கும். எண்ணெயும் கெட்டியான கிரீமும் தடவ வேண்டாம். அவை துவாரத்தை இன்னும் அடைக்கும். நார் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. கைக்குழந்தைக்குப் பவுடர் கொட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் ஆபத்து.

மடிப்புகளில் புண்

மார்பகத்தின் கீழ், தொடையிடுக்கு, வயிற்று மடிப்பு ஆகிய இடங்களில் தோலோடு தோல் உராய்ந்து, ஈரத்தில் ஊறிச் சிவந்து போகும். குளித்தபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்; அழுத்தித் துடைக்காதீர்கள். இங்கே பவுடர் உதவாது. வேர்வையில் குழைந்து சேறாகிவிடும். மடிப்புக்கிடையில் பழைய மல் துணி ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, நனைய நனைய மாற்றுவது மேல். இந்தப் புண் ஆறி ஆறித் திரும்ப வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். நீரிழிவு இப்படியும் தன்னைக் காட்டிக்கொள்வதுண்டு.

படர்தாமரை

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "இடுப்பிலும் தொடையிலும் வட்டம் வட்டமாக அரிப்பு. ஓரம் தடித்திருக்கிறது. டாக்டரிடம் காட்டக் கூச்சமாயிருக்கிறது. பையனை அனுப்பிக் கடையில் ஒரு களிம்பு வாங்கினேன். நாலு நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிட அகலமாகக் கிளம்புகிறது. ஒரு வருஷமாக இதே கதை."

அம்மா, உங்கள் கதை இன்று ஆயிரம் வீடுகளின் கதை. இது படர்தாமரை, பூஞ்சைக் கிருமியால் வருவது. கடையில் விரைவாகக் குணம் தருகிறது என்று விற்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும். கிருமியோ உள்ளே சுகமாக வளரும். நாளாக ஆகத் தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். இந்த அவஸ்தை பெருகியதால்தான் 2018-ல் மத்திய அரசாங்கம் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று விதித்தது. விதி இருந்தும், கேட்டால் கொடுக்கும் கடைகள் இல்லாமலில்லை.

தோல் டாக்டரிடம் போங்கள். கூச்சமாயிருந்தால் லேடி டாக்டரிடம் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. இதுவரை தடவிய களிம்பின் குழாயைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மருந்தை அவர் சொன்ன நாள்வரை, அரிப்பு நின்ற பிறகும், விடாமல் போட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் கூடவே சிகிச்சை நடக்க வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி வெயிலில் காயப் போடுங்கள். வெட்கப்பட்டுச் சேலைக்கு அடியில் மறைத்து உலர்த்தினால் ஈரம் போகவே போகாது.

நாடா கட்டும் இடம்

உள்பாவாடை நாடாவை இறுக்கி முடிந்து, அது பதிந்த இடத்தில் வேர்வை ஊறி, கறுத்துத் தடித்துப் போவது நம்மில் அநேகருக்கு உண்டு. நாடா அகலமாக இருக்கட்டும், முடிச்சு தளர்வாக இருக்கட்டும், கட்டும் இடத்தைச் சற்று மேலும் கீழுமாக மாற்றுங்கள். அங்கே வந்த புண் மாதக் கணக்கில் ஆறாவிட்டால் அலட்சியம் கூடாது. அப்படிப்பட்ட ஆறாத புண் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-ல் மகாராஷ்டிர, பீகார் டாக்டர்கள் எழுதினார்கள். இது மிக அபூர்வம். பயப்பட வேண்டியதில்லை, காட்ட வேண்டியதுதான்.

வேர்வையே அளவு மீறினால்? மாதவிலக்கு நிற்கும் வயதில் திடீர் திடீரென்று வேர்ப்பது சகஜம். ஆனால் உடம்பு இளைத்து, கை நடுங்கி, படபடப்போடு வேர்த்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். இராத்திரியில் ஜுரமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் க்ஷயரோகப் பரிசோதனை அவசியம். மார்பில் அழுத்தத்துடன் குளிர்ந்து வேர்த்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படையான மருந்து ஒன்று உண்டு, காசில்லாதது. சமையல் முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நனைந்த ரவிக்கையோடு பரிமாறி, சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, அது உடம்பிலேயே காயும்வரை இருந்துவிடுகிறோம். பரிமாறப் போகுமுன் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு, மேலுக்குத் தண்ணீர் விட்டு, ஒற்றித் துடைத்து, உலர்ந்த ரவிக்கையை மாற்றிக்கொண்டு வாருங்கள். அதற்குள் சாதம் ஒன்றும் ஆறிப்போய்விடாது. ஆறினால்தான் என்ன, இந்த வெயிலுக்கு நல்லதுதானே!