முதற்கோடு ஓடைக்கே!

கோடைக்கானல் ஏரியைக் கண்டு களிக்காதார் இலர். 1863இல், மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு, சதுப்புநில நீரைக் கரையிட்டுத் தேக்கியதால் பிறந்த ஏரி அது. அதன் உபரிநீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாகிறது.

சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடுகின்றன. அங்கே கான்கிரீட் எழுந்தால், அதே நீர் ஒரே மூச்சில் பாய்ந்து மண்ணை அரிக்கிறது, சாலை சரிகிறது. பெரிய வடிகால் போதும் என்பர் சிலர். அது வெள்ளத்தைக் கீழ்வீட்டாருக்கு அனுப்புமேயன்றித் தணிக்காது.

ஓடையை விட்டு விலகிக் கட்டுதல், கூரைநீரைத் தொட்டியில் தேக்குதல், தடுப்புச்சுவரின் பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துளைவிடுதல் ஆகிய மூன்றுமின்றி மலையில் கட்டட அனுமதி கூடாது. நண்பர்களே, பழனி மலையில் வரையும் எந்த வரைபடத்திலும் முதற்கோடு ஓடைக்கே உரியதாகட்டும்!