கால் கிலோ கோப்பியும் எங்கட சந்தேகமும்

போன மாதம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு அன்ரியைக் கள்ளியாக்கப் பார்த்தோம்.

கம்பஸுக்குக் கிட்ட வாடகைக்கு இருக்கிற எங்களுக்குக் கோப்பித்தூள் தருவது அவதான். வீட்டிலேயே தாச்சியில் வறுத்து, மில்லில் அரைப்பித்து, கால் கிலோ பக்கற்றுகளாகக் கட்டி விற்கிறா. வழக்கமாகத் தூளைக் கொட்டினால் எங்கட போத்தல் கழுத்துமட்டும் நிரம்பும். அந்தமுறை இரண்டு விரல் குறைவு. "அளவில அடிச்சிட்டா" என்று தீர்ப்பே எழுதிவிட்டோம். திரும்பப் பக்கற்றில் கொட்டி, சந்திக் கடைத் தராசில் வைத்தால் 250 கிராம், அச்சொட்டாக.

அன்ரியிடம் பிறகு சாடையாகக் கேட்டோம். "இந்தமுறை அவ்வளவு கறுக்க விடேல்லைப் பிள்ளையள்" என்றா. விசயம் அவ்வளவுதான்.

பச்சைக் கொட்டையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தண்ணீர் இருக்கும். வறுக்க வறுக்க அது ஆவியாகும். வெப்பம் 200 பாகை செல்சியஸை அண்டும்போது கொட்டை சோளப்பொரி மாதிரி வெடிக்கத் தொடங்கும். உள்ளே நீராவியும் காபனீரொட்சைட்டும் முட்டித்தள்ள, கொட்டை ஊதும். இன்னும் விட்டால் கறுத்து, எண்ணெய் கசிந்து, நொறுங்குகிற பதத்துக்கு வரும். நிறை இறங்குது, கனவளவு ஏறுது. நாங்கள் கலைப்பீடம்தான், ஆனாலும் ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த அடர்த்தி இதற்குப் போதும். மண்ணிறத்தில் இறக்கிய கொட்டை பாரம், கறுக்க வறுத்தது பஞ்சு. அரைத்த பிறகு எவ்வளவு நைஸான தூள் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் ஒரே மாதிரி அரைத்தால் கறுப்புத் தூள் கரண்டிக்குக் குறைவாகத்தான் நிறுக்கும்.

அப்படியென்றால் "ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி" என்பதற்கு என்ன அர்த்தம்? எந்த வறுவலில் இரண்டு கரண்டி? எங்கட அம்மம்மாமாருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. வறுத்ததும் அவையள், இடித்ததும் அவையள், ஒவ்வொருமுறையும் அதே கறுப்பு. கைக்கணக்கு பிழைக்க வழியில்லை. நாங்கள் இந்தக் கிழமை ஒரு தூள், அடுத்த கிழமை வேறொரு தூள் வாங்கிக்கொண்டு அவையளின்ர கரண்டியை மட்டும் வைத்திருக்கிறோம். இன்னொன்று: கறுப்பென்றால் 'கடும்' கோப்பி என்று நம்பிச் சோதனைக் காலத்தில் குடிக்கிற ஆக்களுக்கு ஒரு கெட்ட செய்தி. வறுக்கும்போது கஃபீன் பெரிதாக அழிவதில்லை. கரண்டிக் கணக்கில் போட்டால் கறுப்பில்தான் கஃபீன் குறைவு. கசப்பு நித்திரையைக் கலைக்காது.

ஒவ்வொரு நாளும் நிறுக்கச் சொல்லவில்லை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 55 கிராமளவு என்பது கோப்பித் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பக்கற் மாறும்போது ஒருதரம் பத்துக் கரண்டியை நிறுத்து, கரண்டிக்கு எத்தனை கிராம் என்று போத்தலில் எழுதி ஒட்டினால் காணும்.

ஆனால் எங்களை உறுத்துவது கரண்டி இல்லை, விலை. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை மண்ணிறத்தில் இறக்கினால் ஏறக்குறைய 880 கிராம் மிஞ்சும். நல்லாகக் கறுக்க விட்டால் 800, சிலவேளை அதற்கும் கீழே. கொட்டைக்குக் கொடுத்த காசு ஒன்றுதான். விறகோ காஸோ கறுப்புக்குக் கூடத்தான் செலவு. விற்க இருப்பது மட்டும் 80 கிராம் குறைவு. "நல்லாக் கறுக்க வறுத்துத் தாங்கோ அன்ரி" என்று கேட்கிற நாங்கள் ஒருத்தரும் அதற்கென்று ஒரு ரூபா கூடக் கொடுத்ததில்லை. போத்தல் நிறைந்தால் சந்தோசம், குறைந்தால் அவ கள்ளி. உண்மையில் போத்தல் நிறைந்த மாதங்களில்தான் அவவுக்கு நட்டம்.

கறுப்பு வறுவலுக்குக் கிலோ விலை பத்து வீதமாவது கூட இருக்கவேண்டும் என்பது எங்கட கருத்து. வீட்டில் வறுத்து விற்கிற பெண்கள் இதைத் தனியாகக் கேட்க ஏலாது, வாங்குகிற நாங்கள்தான் முதலில் சொல்லவேண்டும்.

போன கிழமை கறுப்புப் பக்கற் ஒன்றுக்குக் கூடுதலாகக் காசு நீட்டினோம். "மற்ற ஆக்களுக்கு நான் என்ன விலை சொல்லுறது?" என்று மிச்சத்தைத் திருப்பித் தந்திட்டா.