வக்கீலைத் தேடும் முன் தாயக்கட்டையைத் தேடுங்கள்!

கணவன்-மனைவி தகராறு.

மகளிர் போலீஸ் நிலையத்தில் இதுதான் தினசரி கச்சேரி. ஒரு பெஞ்சில் அவள். எதிர் பெஞ்சில் அவன். நடுவில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள். எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று தெரியாமல் முழிக்கும் குழந்தை.

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் போலீஸ் நிலையம் 1992-ம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பிறகு ஊருக்கு ஊர் வந்துவிட்டது. பெஞ்சுதான் காலியான பாடில்லை!

அடி, உதை, வரதட்சணை என்று வரும் புகார்கள் வேறு. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் இன்னொரு ரகம் உண்டு.

"இவர் என்கூட பேசறதே இல்லீங்க."

"வாயைத் திறந்தாலே சண்டைக்கு வர்றா மேடம். அதான் பேசறதில்ல."

பேச்சு நின்றுபோனதற்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது? இன்ஸ்பெக்டர் அம்மாதான் என்ன செய்வார்?

குடும்ப கோர்ட்டு சட்டம் 1984-ல் வந்தது. முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்யவேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோர்ட்டு படி ஏறும்போது இரண்டு பேர் மனசும் கல்லாகியிருக்கும். சமரசம் வீட்டிலேயே தொடங்கவேண்டும்.

எப்படி? விளையாடுங்கள்!

நலங்கு எதற்கு?

சிரிக்கவேண்டாம். நம் பெரியவர்கள் விவரமானவர்கள். முன்பின் பேசாத இரண்டு பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். "உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள்" என்று புத்தி சொல்லவில்லை. தேங்காய் உருட்டச் சொன்னார்கள். தலையில் அப்பளம் உடைக்கச் சொன்னார்கள். குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு, "யார் எடுக்கிறீங்க பார்ப்போம்" என்றார்கள். குடத்துக்குள் கையும் கையும் பட்டது. கூச்சம் போனது. சிரிப்பு வந்தது. பேச்சு தானாக வந்தது.

கோளாறு எங்கே? அன்று விளையாடியவர்கள் மறுநாள் முதல் விளையாடுவதே இல்லை!

அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் இதைச் சோதித்தே பார்த்தார். ஜோடிகளின் கையையும் காலையும் ஒன்றாகக் கட்டி, நடுவில் ஒரு தலையணையைக் கொடுத்தார். கையால் தொடாமல், கீழே விழாமல் தவழ்ந்து கொண்டுபோக வேண்டும். நம் பள்ளிக்கூடத்து மூன்று கால் ஓட்டம் மாதிரிதான். சும்மா சலிப்பான வேலை செய்த ஜோடிகளைவிட, இப்படி விழுந்து எழுந்த ஜோடிகளுக்கு ஒருவர் மீது ஒருவருக்குப் பிரியம் கூடியிருந்தது. 2000-ம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இது.

அரை மணி போதும்

"காலையில 8 மணி ரெயிலைப் பிடிச்சா ராத்திரிதான் வீடு. இதுக்கு ஏதுங்க நேரம்?" என்று குமாஸ்தாக்கள் கேட்கலாம். செல்போனைத் தடவ நேரம் இருக்கிறதே! அதில் அரை மணி போதும்.

முதலில் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். பழம் ஏறப்போகிற காயை மனைவி வெட்டுவாள். அப்போது சிரிக்கப் பழகிய புருஷன், குழம்பில் உப்பு கூடினால் தட்டைத் தள்ளமாட்டான்.

அடுத்தது ஆள் மாற்றம். பத்து நிமிஷம் அவன் அவளாக நடிக்கவேண்டும், அவள் அவனாக. அவள் செல்போனோடு சாய்ந்துகொண்டு, "காபி எங்கே?" என்று அதட்டட்டும். தன் குரல் தன் காதிலேயே விழும்போதுதான் தெரியும் சங்கதி! நாடகத்தையே மனநோய்க்கு வைத்தியமாக்கிய வியன்னா டாக்டர் மொரினோ கையாண்ட முறை இது.

மூன்றாவது சீட்டுக் கேள்வி. ஆளுக்கு ஐந்து சீட்டு. "இந்த வாரம் என்னை அழவைத்தது எது?" "கடையில் எனக்கு எவ்வளவு கடன்?" "எனக்கு எந்தக் காலில் வலி?" பதில் தெரியவில்லையென்றால் தோல்வி. வெட்கப்பட வேண்டாம். தெரிந்துகொள்ளத்தானே ஆட்டம்!

நிபந்தனை நான்கு. காசு வைக்கக்கூடாது, தோற்றவர் டீ போடவேண்டும். பழைய சண்டையை இழுக்கக்கூடாது. குடித்துவிட்டு ஆடக்கூடாது. ஒருவர் "போதும்" என்றால் அதோடு நிறுத்தவேண்டும்.

இவர்களுக்கு அல்ல

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அடிக்கிற புருஷனிடம் தாயக்கட்டையை நீட்டும்படி யாரும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லக்கூடாது. "கொஞ்சம் விளையாட்டா எடுத்துக்கம்மா" என்று பெரியவர்கள் மழுப்பவும் கூடாது. அது விளையாட்டு அல்ல, குற்றம். அந்தப் பெண் கூப்பிட வேண்டியது 181. பெண்களுக்கான உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

மற்றபடி, கைநீட்டாமல், கத்தாமல், வெறும் மௌனத்திலேயே குடும்பத்தைக் கரைக்கிறவர்கள் நகரத்தில் ஏராளம். அடுத்த வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

தாயக்கட்டை கிடைக்கவில்லையா? நாலு புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்துக்கொள்ளுங்கள். தரையில் சாக்பீசால் கட்டம் போடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

வக்கீல் பீஸ் எவ்வளவு என்று, கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்!