அப்பா கேட்டார்: “நானும் விளையாடலாமா பாப்பா?”

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன் மக்களே. நான் ஈஸி மோடு ஆள். புது கேம் டிஸ்க்கைப் போட்டதும் ‘எந்த லெவல் வேணும்?’ என்று கேட்குமே, அங்கே யோசிக்கவே மாட்டேன். இருப்பதிலேயே சுலபமானதைத் தட்டிவிட்டுப் போய்விடுவேன். ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி பத்தரை ஆகும். சாப்பிட்டு, அம்மாவிடம் வாங்கவேண்டிய திட்டை வாங்கி, ஹாலில் உட்கார்ந்தால் கையில் மிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஒரே அரக்கனிடம் பதினேழு தடவை செத்துவிட்டுப் படுக்கப் போக எனக்கு இஷ்டமில்லை.

இதை ஆபீஸ் டீ பிரேக்கில் சொன்னதுதான் தப்பு. பக்கத்து சீட் அண்ணா, ‘செகிரோ’வை முடித்தவர். 2019-ல் வந்த ஜப்பான் கேம். அதில் ஈஸி, ஹார்டு என்று லெவல் தேர்வே கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடி. அதை முடித்ததை, ஐ.ஏ.எஸ் பாஸ் பண்ணின மாதிரி வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். “ஈஸில விளையாடுறதுக்கு யூடியூப்லயே பாத்துட்டுப் போயிடலாமேம்மா, அதுக்கு எதுக்கு கன்ட்ரோலரு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதில் வரவில்லை. எனக்கு எப்போதுமே பதில் பஸ்ஸில் ஏறின பிறகுதான் வரும். இந்தத் தடவை இன்னும் லேட்.

ஈஸி மோடு வைத்தால் கிண்டல் பண்ணுவது நம்ம ஊர் டீக்கடைப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கேம் செய்கிறவர்களே அதை ஆரம்பித்துவைத்தவர்கள்தான். 1992-ல் வந்த ‘வுல்ஃபன்ஸ்டீன் 3டி’யில் மிகச் சுலபமான லெவலின் பெயரே, ‘நானும் விளையாடலாமா, அப்பா?’ பக்கத்தில் ஹீரோவின் முகம். தலையில் குழந்தைக் குல்லா, வாயில் சூப்பான். 2014-ல் அதே வரிசையில் புது கேம் வந்தபோதும் அந்தக் குல்லாவைக் கழற்றவில்லை. 2005-ல் வந்த ‘நிஞ்சா கெய்டன் பிளாக்’கில் ஆரம்பத்திலேயே சில தடவை செத்துவிட்டால், ‘சுலபமாக்கவா?’ என்று கேட்பார்கள். சரி என்றால் அந்த லெவலுக்குப் பெயர் ‘நிஞ்சா நாய்’. கையில் ஒரு ரிப்பனையும் கட்டி அனுப்புவார்கள். ‘மெட்டல் கியர் சாலிட் 5’-ல் ரொம்பத் திணறினால் தலையில் கோழித் தொப்பி. காசு கொடுத்து வாங்கினவனுக்குக் கோழித் தொப்பி!

சரி, அண்ணாவுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1986-ல் ‘கிரேடியஸ்’ என்கிற விண்கல கேமை, வீட்டு கன்சோலுக்கு மாற்றும் வேலை கோனாமி கம்பெனியில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவருக்கு வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று அவரே விளையாடிப் பார்க்க வேண்டும். கேமோ பயங்கரக் கஷ்டம். மனிதரால் தாண்ட முடியவில்லை. என்ன செய்தார்? மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இப்படி அமுக்கினால் எல்லா ஆயுதமும் ஒரேயடியாகக் கிடைக்கிற மாதிரி, தனக்காக ஒரு குறுக்கு வழியைப் போட்டுக்கொண்டார். அது அப்படியே விற்பனைக்கும் வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ‘கான்ட்ரா’வில் அதே பட்டன் வரிசைக்கு முப்பது உயிர் கிடைத்தது. ஹஷிமோட்டோ 2020-ல் காலமானார். கேமைச் செய்தவரே ஈஸி மோடுதான் அண்ணா.

கான்ட்ரா என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு விரல் துடித்திருக்கும். எங்கள் வீட்டுக்கு டிவி கேமை பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்தது அப்பா. மஞ்சள் கேட்ரிஜ், மேலே ‘99999 இன் 1’ என்று ஸ்டிக்கர். உள்ளே நிஜமாக இருந்தது ஒரு பத்துப் பன்னிரண்டு கேம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் அப்பாவும் நானும் ஜோடி போட்டு ஆடுவோம். முப்பது உயிர் ரகசியத்தைத் தெருவில் ஒரு அண்ணன் எனக்குச் சொல்ல, நான் அப்பாவுக்குச் சொன்னேன். ரெண்டு பேர் ஆடணும்னா ஸ்டார்ட்டுக்கு முன்னாடி செலக்டை அமுக்கணும் என்பதை அப்பாதான் கண்டுபிடித்தார். அப்பாவுக்குத் தன் முப்பது உயிர் போதாது. என் உயிரிலிருந்தும் கடன் எடுப்பார்.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவுக்குப் பைண்டிங் பட்டறையில் அடிபட்டது. கட்டிங் மெஷின். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. கட்டுப் பிரித்த கொஞ்ச நாளிலேயே மறுபடி கான்ட்ரா ஆடினார். எனக்கு அதில் ஆச்சரியமாக ஒன்றும் தெரியவில்லை. இப்போதுதான் புரிகிறது, அந்தப் பழைய ரிமோட்டில் ஆள்காட்டி விரலுக்கு வேலையே கிடையாது. இடது கட்டை விரலுக்குத் திசை, வலது கட்டை விரலுக்கு இரண்டு பட்டன். முடிந்தது கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி பிஎஸ்5 வாங்கினதால், அவனுடைய பழைய பிஎஸ்4 எனக்கு வந்தது. கூடவே 2018-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ டிஸ்க். முதல் நாள் ராத்திரியே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பார்த்தார். “நானும் விளையாடலாமா பாப்பா?” என்றார்.

பிஎஸ்4 கன்ட்ரோலரில் எத்தனை பட்டன் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? டச்பேடை அமுக்குவதையும் சேர்த்தால் 18. அதில் நாலு, முன்பக்கம் விரலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஸ்பைடர்மேனுக்கு உயிரே ஆர்2 என்கிற பட்டன்தான். அதைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் நூல் விட்டு ஆடுவான், விட்டால் கீழே வருவான். ஆர்2 எங்கே இருக்கிறது? வலது கை ஆள்காட்டி விரலில்.

அப்பா நடுவிரலை வளைத்துக் கொண்டுபோனார். கை மொத்தமும் கோணியது. ஸ்பைடர்மேன் நடுரோட்டில் நின்றுகொண்டு குதித்துக்கொண்டிருந்தான். நாலு தடவை பார்த்தேன். “அது உங்களுக்கு வராதுப்பா, குடுங்க” என்று வாங்கிக்கொண்டேன். எரிச்சலில் சொன்னதுகூட இல்லை, சும்மா வாயில் வந்தது. அவரும் “ஆமாமா, இதெல்லாம் உங்க காலத்துது” என்று சொல்லிவிட்டுக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. நான் ஆடும்போது பின்னாலிருந்து “லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ” என்று வழி மட்டும் சொல்வார்.

ஆபீஸில் அண்ணா கிண்டலடித்த அன்று ராத்திரி, கேமுக்குள் போகாமல் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். இந்த கேமில் சுலபமான லெவலுக்கு ‘ஃப்ரெண்ட்லி’ என்று பெயர். குல்லாவும் இல்லை, கோழியும் இல்லை. அதில் ஆடினாலும் பிளாட்டினம் ட்ரோஃபி வரைக்கும் வாங்கலாம். அதற்குக் கீழே நான் ஒருநாளும் திறக்காத பகுதி ஒன்று. படபடவென்று திரும்பத் திரும்ப அமுக்க வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று மாற்றலாம். சட்டென்று பட்டன் தட்ட வேண்டிய சினிமாக் காட்சிகளைத் தானாகவே முடியும்படி வைக்கலாம். கன்சோலின் செட்டிங்ஸிலேயே ‘அக்சஸிபிலிட்டி’ என்று ஒரு மெனு, அதற்குள் ‘பட்டன் அசைன்மென்ட்ஸ்’. எந்த பட்டனின் வேலையையும் எந்த பட்டனுக்கும் மாற்றிவிடலாம். ஆர்2-வை எல்2-வுக்கும், எல்2-வை ஆர்2-வுக்கும் மாற்றினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்றரை வருஷமாக அந்த மெனு அங்கேதான் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, செய்து பார்க்கிறவர்கள் கவனியுங்கள். பட்டனை மாற்றினாலும் திரையில் ‘ஆர்2-வை அமுக்கு’ என்றுதான் வரும். அப்பா குழம்பினார். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து எல்2 மேல் ஒட்டினேன். “ஆர்2-ன்னு வந்தா பொட்டை அமுக்குங்கப்பா.”

நியூயார்க்கில் அன்றைக்கு ஸ்பைடர்மேன் மூன்று கட்டடத்தில் முட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டியில் மோதி, அப்புறம் பறந்தான்.

செகிரோ அண்ணா சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சில கேமில் கஷ்டம்தான் ருசி. மிளகாய் இல்லாமல் கார சட்னி கேட்கிற மாதிரி, அதை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால், 2018-ல் வந்த ‘செலஸ்ட்’டைப் பாருங்கள். மலையேறுகிற கேம், விரல் ஒடிக்கிற கஷ்டம். அதிலேயே ‘அசிஸ்ட் மோடு’ வைத்திருக்கிறார்கள். கேமின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலே போகலாம். அதனால் அந்த கேமின் மரியாதை குறைந்ததா? கஷ்டமான கேம் பட்டியல் போடுகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சேர்க்கத்தான் செய்கிறார்கள். என் வீட்டில் மாற்றின ஒரு பட்டனால் அண்ணா ஜெயித்தது தோற்றுப்போய்விடாது. 2020-ல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட வசதிகளோடு வந்தது. கை, கால், கண், காது என்று ஆளுக்குத் தகுந்தபடி. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2018-லேயே பெரிய பெரிய பட்டன் வைத்த தனி கன்ட்ரோலரே விட்டார்கள். வாங்குகிற விலையில் வந்தால் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

விலை என்றதும் என் மற்ற வயிற்றெரிச்சல்களையும் கொட்டிவிடுகிறேன். புது பிஎஸ்5 கேம் ஒன்று வாங்குவதற்குள் பர்ஸ் காலி. அதனால்தான் நான் இன்னும் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கட்சி. டிஸ்க் போடுகிற இடமே இல்லாத கன்சோல் வாங்குகிறவர்கள், பிடிக்காத கேமை யாரிடம் விற்பீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். அடுத்தது, மூன்று வாரம் கழித்து கேமைத் திறந்தால் நான் யார், எங்கே போகிறேன் என்று ஒன்றும் ஞாபகம் இருக்காது. ‘விட்ச்சர் 3’-ல் லோடிங் நேரத்தில், இதுவரை நடந்த கதையைச் சொல்வார்கள். சீரியல் முன்கதைச் சுருக்கம் மாதிரி. எல்லா கேமிலும் அதைச் சட்டமாக்க வேண்டும். ‘இட் டேக்ஸ் டூ’ மாதிரி இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற கேம் இன்னும் நிறைய வர வேண்டும். பெரியம்மா பொண்ணோடு ஆடினேன். நடுவில் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அருமையான கேம்.

அப்பாவுக்கு வருகிறேன். அவருக்குச் சண்டை பிடிக்கவில்லை. “எதுக்குப் பாப்பா எல்லாரையும் அடிக்கணும்?” என்றார். ஊர் சுற்றுவதுதான் பிடித்தது. நான் கதையை முடித்துவிட்டு, பாதியில் விட்டிருந்த ஒரு வேலை அந்த கேமில் மிச்சமிருந்தது. ஹோவர்ட் என்று ஒரு பெரியவர், தெருவில் வசிப்பவர். அவருடைய புறாக்கள் பறந்துபோய்விட்டன, பிடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அது போரடித்துப்போய் விட்டிருந்தேன்.

அப்பா வியாசர்பாடியில் வளர்ந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் கூண்டு கட்டிப் புறா வளர்த்தவர். பந்தயத்துக்கும் விட்டிருக்கிறார். காலையில் விட்ட புறாவுக்காகச் சாயங்காலம் வரை மொட்டைமாடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற கதையெல்லாம் உண்டு. திரையில் புறா பறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது சாதா. கர்ணம் அடிக்கிற ஜாதி இல்ல.”

“அப்பா, அது கம்ப்யூட்டர் புறாப்பா.”

“எதுவா இருந்தா என்ன, பின்னாடியே தொரத்துனா மேலதான் ஏறும். தணிஞ்சு வர்றப்ப பிடிக்கணும்.”

முதல் புறாவுக்கு நாற்பது நிமிஷம் ஆனது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நான் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். “பாப்பா, பாப்பா” என்று தோளைத் தட்டி எழுப்பினார். ஸ்பைடர்மேன் கையில் புறா. அப்பாவின் வலது கை கன்ட்ரோலரைச் சுற்றி முழுசாக வெளியே இருந்தது.

இன்னும் மூன்று புறா பாக்கி. நான் ஆபீஸ் போன பிறகு பகலிலும் ஆடுகிறார் என்று அம்மா சொல்கிறார். பொட்டு வியர்வையில் அடிக்கடி உரிந்துவிடுகிறதாம், ஒரு அட்டை தீர்ந்துபோய்விட்டது. வரும்போது ரெண்டு அட்டை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி போன் வந்திருக்கிறது. எனக்கு இல்லை, அவருக்கு என்று அம்மா இரண்டு தடவை சொன்னார்.